நல்லம்மாள் போட்ட கையெழுத்து

நல்லம்மாளுக்குக் காகிதம் என்றாலே ஆகாது. மனிதர்களையாவது நாலு நாள் பழகிப் பார்த்து நம்பலாம், காகிதத்தை எப்படி நம்புவது என்பது அவள் கட்சி. அந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. மலேசியாவில் பீடோர் பக்கம் அவர்கள் பால் மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டத்தை முதலாளி விற்றபோது, தோட்டத்து ஆபீஸ் கிராணி மலாய் மொழியில் எழுதிய ஒரு காகிதத்தை நீட்டி, "புது வீட்டுக்குப் பேர் பதியுறோம், சைன் போடு" என்றார். அவள் அப்பாவும் போட்டார். இருக்கிற வீட்டைக் காலி செய்யச் சம்மதித்த காகிதம் அது என்பது மூன்று மாதம் கழித்து லோரி வந்து நின்றபோதுதான் தெரிந்தது. யாரும் அவருக்கு அதைப் படித்துக் காட்டவில்லை.

அதன் பிறகு ஈப்போவுக்கு வந்து, ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றபடியே வேலை செய்து, புருஷன் சன்னாசி செத்துப்போன பின் ஒற்றை ஆளாக மகள் ஷாமினியை வளர்த்தாள். குனோங் ராபாட்டில் வாடகை வீடு. லைட் பில் வந்தால்கூட இரண்டு பேரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் நம்புவாள்.

அப்படிப்பட்டவளிடம் போய் ஷாமினி வெள்ளிக்கிழமை சாயங்காலம் படத்தில் நடிக்கக் கேட்டாள்.

ஷாமினிக்குப் போட்டோக் கடையில் வேலை. சர்ச்சுகளெல்லாம் சேர்ந்து குறும்படப் போட்டி வைத்திருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஒரு வசனம் கொடுப்பார்கள். அந்த வசனம் வருகிற மாதிரி கதை எழுதி, படம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் போச்சு.

"சர்ச்சுப் போட்டிக்கு நீ எதுக்குடி?"

"கூட்டாளிங்களுக்கு உதவி பண்றேன்மா. நடிக்க வேண்டிய ஆண்டிக்குக் காய்ச்சல். வீட்டை விட்டுப் போன பொண்ணுக்காக ஒரு அம்மா காத்திருக்கிறாங்க. ஒரே ஒரு வசனம்தான்லா."

'இவ்வளவு நாளா எங்க போயிருந்தே?' என்பதுதான் அந்த வசனம். நல்லம்மாள் சரி என்றாள். நடிக்கிற ஆசையெல்லாம் ஒன்றும் கிடையாது. கூடவே இருந்தால்தான் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கண்காணிக்கலாம்.

சனிக்கிழமை காலையில் கேமராவோடு சுரேன் வந்தான். கூடவே மகளாக நடிக்கப் பிரமிளா. வந்ததும் வராததுமாக மூவரும் கூடத்தில் வட்டமாக நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தார்கள். நல்லம்மாள் கண்ணை மூடவில்லை. ஷாமினி கண்ணை மூடியிருக்கிறாளா என்று பார்த்தாள். மூடித்தான் இருந்தாள். மரியாதைக்காக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அப்புறம் சுரேன் சுவரைக் காட்டி, "ஆண்டி, அந்தப் படத்தைக் கொஞ்சம் எறக்கலாமா? கண்ணாடியில லைட் அடிக்குது" என்றான்.

மாரியம்மன் படம். வந்துவிட்டார்களா விஷயத்துக்கு!

"அம்மா அங்கதான் இருப்பா. ஒங்க கேமராவத் தள்ளி வச்சுக்குங்க."

தள்ளி வைத்தார்கள். அவர்கள் வாங்கி வந்த குளிர்பானத்தை அவள் தொடவில்லை. எதையாவது ஜெபித்துக் கலந்திருந்தால்? நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாள். வசனம் மட்டும் வரவே இல்லை. ஒன்பது தரம் சொன்னாள், ஒன்பது தரமும் காய்கறிக்காரனிடம் விலை கேட்கிற மாதிரியே இருந்தது. "அதை நாளைக்கு எடுத்துக்கலாம்" என்று சுரேன் கேமராவை மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷாமினி ஸ்டேப்ளர் ஊசி அடித்த நாலு காகிதத்தைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பி நீட்டினாள். எல்லாம் ஆங்கிலம்.

"இங்க ஒரு சைன் போடும்மா. நடிச்சவங்க எல்லாரும் போடணும். இல்லாட்டிப் படத்தை எடுத்துக்க மாட்டாங்க."

அதானே பார்த்தேன் என்று நினைத்தாள் நல்லம்மாள். இத்தனை கூத்தும் இந்த ஒரு கையெழுத்துக்குத்தான். போட்டால் அவள் பெயர் சர்ச்சுக் கணக்கில் ஏறிவிடும். ஆடிக்கு ஆடி பழைய தோட்டத்துக் கோயிலில் தீச்சட்டி எடுக்கிறவள் அவள். தோட்டம் போய், வீடு போய், மிச்சம் இருப்பது அந்த அம்மன் ஒருத்திதான். அவளையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவதா?

"எங்கிட்ட குடு. அப்புறம் போடுறேன்" என்று வாங்கிக்கொண்டு, கடைக்குப் போவதாகச் சொல்லிப் படியிறங்கினாள்.

நேரே பக்கீர் முகம்மதுவின் சாப்பாட்டுக் கடைக்குத்தான் போனாள். கோயில் தலைவரிடம் கேட்டால் அம்மன் பக்கம் பேசுவார், பாஸ்டரிடம் கேட்டால் ஏசு பக்கம் பேசுவார். பாய்க்கு இரண்டு பக்கமும் வேலையில்லை.

"பாய், இதுல என்னா எழுதியிருக்கு? ஒரு வரி விடாமச் சொல்லுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். "ஒண்ணுமில்லக்கா. ஒங்க மொகத்தையும் கொரலையும் படத்துல காட்ட சம்மதம்னு இருக்கு. அவ்வளவுதான். தாராளமாப் போடுங்க."

"மதம் மாறுறதப் பத்தி?"

"ஒங்களப் பத்தி ஒண்ணுமே இல்ல."

நல்லம்மாளுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? "முன்னாடிப் பக்கத்தையும் பாத்துருங்க பாய்."

அவர் திருப்பினார். படித்தார். படித்தவர் பக்கத்து மேசையில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தார்.

"சொல்லுங்க பாய்."

"படம் எடுக்குற தலைவர் யாருன்னு போட்டிருக்கு. நம்ம ஷாமினி பேருதான். தலைவர் சர்ச்சுல சேந்தவங்களா இருக்கணுமாம். ஞானஸ்நானம் எடுத்த தேதி கேட்டிருக்காங்க." குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் ஆகஸ்ட் மூணுன்னு எழுதியிருக்குக்கா."

ஆகஸ்ட் மூன்று. தோட்டத்துக் கோயில் ஆடித் திருவிழா. கல்யாணப் போட்டோ ஓடருக்குத் தைப்பிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஷாமினி வராமல் போன நாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, வேலை சீக்கிரம் முடிந்து எங்காவது நிற்கிறாளா என்று நல்லம்மாள் கூட்டத்தில் தேடிக்கொண்டே வந்தாள். தன்னைத்தான் பிடிக்க வருகிறார்கள் என்று இரண்டு நாளாக வாசலில் காவல் இருந்திருக்கிறாள் பைத்தியக்காரி. மகள் போன வருஷமே போய்விட்டிருந்தாள்.

பாய் கொடுத்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மணி ஐந்து. ஷாமினி வாசலிலேயே நின்றாள். "எங்கம்மா போனே? நேரம் போகுதுலா!"

நல்லம்மாள் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சுரேன் கேமராவை ஓட்டினான். பிரமிளா கதவைத் திறந்து தலைகுனிந்து நின்றாள். நல்லம்மாள் அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை. அவளைத் தாண்டி, வாசலுக்கு வெளியே நின்ற ஷாமினியைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளா எங்க போயிருந்தே?"

குரல் பாதியில் உடைந்தது. சுரேனுக்கு ஒரே குஷி. "ஐயோ ஆண்டி, சூப்பர்! ஒரே டேக்!" ஷாமினி மட்டும் அசையவில்லை. அம்மாவின் மடியில் முதல் பக்கம் மேலாக இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற இருவரும் படத்தை வெட்டி ஒட்ட அறைக்குள் ஓடினார்கள். ஆறேகாலுக்கு ஷாமினி பேனாவோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"படி," என்றாள் நல்லம்மாள்.

"அம்மா..."

"எங்கப்பாவுக்கு யாரும் படிச்சுக் காட்டல. நீ எனக்குப் படிச்சுக் காட்டு. மொதப் பக்கத்துலேர்ந்து. தமிழ்ல."

ஷாமினி படித்தாள். போட்டியின் பெயர், விதிகள், குழுத் தலைவரின் பெயர். தேதி கேட்ட இடம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"படிடி."

"ஞானஸ்நானம் எடுத்த தேதி... ஆகஸ்ட் மூணு. பயந்துட்டேம்மா. நீ என்னை வேணாம்னு சொல்லிருவியோன்னு பயந்துட்டேன்."

"சாமிய மாத்திக்கிட்டது ஒம் பாடு. அதுக்கே வயிறு எரியுது. ஆனா தைப்பிங்குன்னு சொன்ன பாரு, அதத்தான்டி தாங்க முடியல. மிச்சத்தையும் படி."

கடைசி வரி வரைக்கும் படிக்கவைத்துக் கேட்டாள். அறைக்குள்ளிருந்து சுரேன், "ஷாமினி, ஆறரை!" என்று கத்தினான். நல்லம்மாள் பேனாவை வாங்கி, முழங்காலில் காகிதத்தை வைத்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

"வர்ற ஆடிக்கு இப்பவே லீவு சொல்லி வை," என்று காகிதத்தை நீட்டினாள். "நீ கும்பிட வேணாம். நான் சட்டி தூக்கிட்டு வாரப்ப என் கண்ணுல படுற மாதிரி நில்லு."