மூன்றில் இரண்டு கைகள்

அன்றைக்குச் சித்தூர் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, ஸ்ரீசிட்டி கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், திருப்பதி கோச்சிங்கில் படித்துவிட்டு வந்திருந்த மகள், பலமனேரிலிருந்து தக்காளிக் கூடையோடு வந்த மைத்துனன். வேறு யாராவது இருந்தார்களா என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

மகள் தாவரவியல் படித்தவள். வனப் பணி அதிகாரி ஆக வேண்டும் என்று ஆசை. முதல் தேர்வைத் தாண்டி இரண்டாவதில் நின்றுவிட்டாள். இன்னொரு வருஷம் அனுப்புவதா என்பதுதான் அன்றைய பேச்சு. போன வருஷ ஃபீஸ் முழுக்க மகன் கட்டியது.

அவள் பாடங்களைத் தன் குரலில் பதிந்து எனக்கும் அனுப்புவாள். நான் ஏழாவதோடு பள்ளியை விட்டவன். காணிப்பாக்கம் கோயிலுக்குப் போகிறவர்களுக்காக பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு கேட்பேன். ஒரு பாடம் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. நாடு முழுக்கப் பொதுவாக ஒரு அதிகாரிப் பணியை ஏற்படுத்த, முதலில் டில்லி மேல்சபை தீர்மானம் போட வேண்டுமாம். வந்திருந்து ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்காவது சரி என்றால்தான் பார்லிமெண்ட் சட்டமே செய்யலாமாம். மாநிலங்களின் ஆட்கள் உட்காரும் சபை, அதனால் அந்த உரிமை. வனப் பணியும் அப்படி வந்ததுதானாம்.

அதைக் கேட்டால் என் கண்ணில் ஒரு பெரிய மண்டபம் தெரியும். கைகள் ஒவ்வொன்றாக உயரும். உயர உயர விரல்களில் இலை விடும். கொஞ்ச நேரத்தில் மண்டபமே திருப்பதி மலையின் சேஷாசலக் காடாகிவிடும். உடனே, தீர்மானம் போட்ட அன்றைக்குப் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தால் காடு என்ன ஆகியிருக்கும் என்று நினைப்பு ஓடும்.

அவள் படிக்கிற மாதிரியே ஓட்டு வைத்துவிடலாம் என்று விளையாட்டாகச் சொன்னவன் மைத்துனன். மகள் சபைத் தலைவர், அவளுக்கு ஓட்டுக் கிடையாது.

மனைவி கை தூக்கினாள். மைத்துனனும் தூக்கினான்.

"நான் வேணான்றேன். என் கல்யாணத்துக்குச் சேத்துக்கினு இருக்கற துட்டு அது," என்றான் மகன். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

என் கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. சரி என்றால் மகன் முகம், வேண்டாமென்றால் மகள் முகம். வெளியே கோடை மழை பிடித்திருந்தது. கூரை ஷீட்டில் அது விழும் சத்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். நாலு பேரில் ரெண்டு, பாதிதானே, என்னால் போச்சு என்று நினைத்தேன்.

"வண்டி திருப்பறப்ப மட்டும் நல்லா கை நீட்றியே மாமா," என்று மைத்துனன் சீண்டினான்.

மகள் நோட்டில் எழுதிப் பார்த்தாள். "ஓட்டுப் போட்டது மூணு பேரு. சரின்னது ரெண்டு. மூணுல ரெண்டு இருந்தா போதும். நைனா ஓட்டே போடல, கணக்குல வரமாட்டாரு. தீர்மானம் பாஸ்."

மகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "படிச்சதெல்லாம் எங்கிட்டயே காட்றியா?" என்றவன், போனை எடுத்துப் பாதி ஃபீஸை அனுப்பிவிட்டான். மீதியை நான் கட்டுகிறேன் என்று அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

இப்போது அவள் ஹாஸ்டல் ஜன்னலில் மலை தெரிகிறதாம். தினமும் ஒரு பாடம் வருகிறது. என் பங்கில் கட்ட வேண்டியது இன்னும் பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.