வேப்பிலை கட்டிய வாசல்

சிவகாசியில் எடுக்கும் திருட்டைப் பற்றிய ஒரு காமெடிப் படத்தில், வீட்டில் கள்ளத்தனமாக வெடி செய்யும் அம்மா வேடம் எனக்கு. பிள்ளைக்கு அம்மை என்று பொய் சொல்லி அதிகாரியை விரட்டும் காட்சி. வாசலில் வேப்பிலை கட்டினார்கள்.

"முழியை உருட்டிக் கத்துங்கக்கா, தியேட்டரே சிரிக்கணும்" என்றார் இயக்குநர்.

வேப்பிலையின் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது. நாரணாபுரத்தில் எங்கள் ஒற்றை அறை வீடு. தெருமுனையில் ஜீப் நின்றதும் அம்மா வீட்டில் கள்ளத்தனமாகச் செய்த சரவெடிகளைத் தரையில் பரப்பி, மேலே பாயை விரித்து என்னைப் படுக்கவைத்தாள். நிலையில் வேப்பிலையைச் செருகினாள்.

"ஏ புள்ள, அசையாம கிட."

அதிகாரி வந்ததும் தணிந்த குரலில், "வாங்க சார். பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு" என்றாள். அவர் செருப்பைக் கழற்றி, வாசலிலேயே கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் எனக்கு இளநீர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்! அம்மா பிறகு அந்தப் பொய்யை விடவேயில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டில் தாளிப்பும் கிடையாது.

"கத்த மாட்டேன் தம்பி. கத்துனா எவன் நம்புவான்?" என்றேன் இயக்குநரிடம்.

இயக்குநர் கெஞ்சினார், கோபப்பட்டார். நான் மசியவில்லை. கடைசியில் கேமரா ஓடியது.

"வாங்க சார். பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு."

அதிகாரியாக நடித்தவர் உள்ளூர்க்காரர். தன் வசனத்தை மறந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.