எண்பத்தாறு கிலோவைத் தாங்கிய பலகை

மதுரையில் கடல் விளையாட்டுச் சாமான் விற்பவரே, எனக்கு ஆகாத பலகையைத் தெரிந்தே என் தலையில் கட்டினீர்கள். செருப்பு அளவு கேட்டீர்கள், பிடித்த நிறம் கேட்டீர்கள். எடை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு முதுகுளத்தூரில் பஸ் ஏறினேன். துணி சுற்றிய பலகையைப் பார்த்த கண்டக்டர், "என்னக்கா, இஸ்திரி போடப் போறீகளா?" என்று கேட்டு முப்பது ரூபாய் லக்கேஜ் போட்டார். ராமநாதபுரத்தில் மாறி, கடல் பாலம் தாண்டி, அக்காள்மடத்தில் இறங்கும்போது மணி பத்து.

நான் கற்கப் போனது, இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு, காலில் பலகையோடு, காற்று இழுக்கக் கடல்மேல் வழுக்கிப் போகும் விளையாட்டு. மூன்று நாள் பயிற்சி. சொல்லித்தரும் ஜெனிட்டா மீனவர் வீட்டுப் பெண். முதல் நாளே, "இது உங்களுக்குச் சின்னதுக்கா" என்றாள். முப்பத்தெட்டாயிரம் கொடுத்த பிடிவாதம், நான் கேட்கவில்லை. இரண்டு நாளும் உப்புத் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை மாலை உங்களுக்குப் போன் செய்தேன். "பலகைல கொறையில்ல மேடம். உங்க உடம்புக்கு இதெல்லாம் வராது" என்றீர்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. தேவாலயத்தில் முதல் பூசை முடிந்து ஜெனிட்டா வந்தாள். பத்தரைக்கு மேல், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வேகமெடுத்து முறுகிவிடும், புதியவர்களை இறக்க மாட்டார்கள். மதியம் எனக்கு ஊருக்கு பஸ். அந்த ஒன்றரை மணி நேரம்தான் மிச்சம். அவள் தூக்கிவந்த பலகை நூற்று அறுபது சென்டிமீட்டர், நல்ல அகலம். என்னுடையது நூற்று முப்பத்திரண்டு.

"இது பலகையா, கதவா?"

"கதவுன்னே வச்சுக்கங்க. பாரம் கூடுனா வள்ளம் பெருசா வேணுமுல்ல? உங்களது அறுவது கிலோ ஆளு துள்ளி வித்தை காட்டுறதுக்கு. சரி, வீட்ல ஆடு இருக்கா?"

"பன்னெண்டு இருக்கு."

"கெடா கயித்த இழுத்துக்கிட்டு ஓடுனா எப்படி நிப்பீக? நின்னு காட்டுங்க."

குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தேன்.

"இம்புட்டுத்தான்! ரெண்டு நாளா பட்டத்துக்குப் பின்னாடி குனிஞ்சு ஓடுனீக." என் கால்கள் அகன்ற அளவுக்குப் பலகையின் கால்பட்டைகளைத் தள்ளி முடுக்கினாள்.

மணலிலேயே சாய்ந்து பழகிவிட்டு இறங்கும்போது பத்து மணி பத்து நிமிடம். இடுப்பளவுத் தண்ணீர். பட்டம் இழுத்தது. கிடாயை நினைத்துச் சாய்ந்தேன். பலகை அமிழவில்லை. எழுந்தேன், நின்றேன், போனேன்! வலை உதறிக்கொண்டிருந்த வள்ளத்தைத் தாண்டி இருநூறு மீட்டராவது போயிருப்பேன்.

"ஏ ஜெனிட்டா, ஒன் மொதுகொளத்தூரு கெடா கயித்த அத்துக்கிட்டுப் போகுது பாரு!" என்று, கரையில் எங்கள் பேச்சைக் கேட்டிருந்த ஒருவர் வள்ளத்திலிருந்து கத்தினார். சிரித்ததில் வாய்க்குள் மறுபடி உப்புத் தண்ணீர். விழவில்லை. பத்தரைக்குள் ஐந்து முறை ஓடினேன்.

ஊரில் ஒரு கிடாய் வாங்குவதென்றாலும் யாருக்கு, எதற்கு என்று விற்பவர் கேட்பார். நீங்கள் கேட்கவில்லை. என் எண்பத்தாறு கிலோவையும் கடல் தாங்கியது, உங்கள் பலகைதான் தாங்கவில்லை. எடையைக் கேட்காமல் விற்றுவிட்டு, பிறகு என் உடம்பைக் குறை சொன்னது ஏன்? போனில் பதில் வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரையும் கடைப் பெயரையும் போட்டு எழுதுங்கள்.