மாப்பிள்ளை காருக்கு நான் ஊற்றிய ஆயில்

போன வாரம் முழுக்க செல்போனை எடுக்கவே பயந்தேன். மகள் பெயர் திரையில் வந்தால் போனை மனைவியிடம் நீட்டிவிடுவேன். ஏன்? சொல்கிறேன். கொஞ்சம் கேவலமான கதைதான்... சிரித்துவிட்டுப் போங்கள்.

மகள் கவிதா சென்னையில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாவை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ரங்கநாதரைச் சேவிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வந்தது மாப்பிள்ளையின் புது காரில் – ஐரோப்பியத் தயாரிப்பு. எங்கள் வீட்டு வாசலில், வேப்ப மர நிழலில், தாராளமாக நிறுத்தினார். எதிர்வீட்டுக்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு ஏகப் பெருமை.

காலையில் மூவரும் ஆட்டோவில் கோவிலுக்குக் கிளம்பினார்கள். கூட்டமான நாள். தரிசனம் முடிந்து திரும்ப மதியம் ஆகிவிடும். கார் சாவி மேஜை மேல் கிடந்தது.

மாப்பிள்ளையைச் சும்மா அனுப்புவோமா? வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தாயிற்று. காருக்கும் ஏதாவது செய்ய வேண்டாமா? டேங்கை நிரப்பினேன். கழுவ விட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

"ஊருக்குப் போனதும் ஆயில் மாத்தணும்" என்று முதல் நாள் மாப்பிள்ளை கவிதாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அதையும் நாமே முடித்துவிட்டால்?

மனைவியிடம் சொன்னேன்.

"ஏங்க, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யக் கூடாதா?"

"கேட்டா வேணாம்பாரு."

"அதுக்குத்தான் கேக்கச் சொல்றேன்."

நான் கேட்பேனா? கைலாசபுரம் டவுன்ஷிப்பில் குடியிருந்து, அங்குள்ள தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு ஆயில் வாங்கத் தெரியாதா எனக்கு?

பாலக்கரையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். "எந்த கிரேடு சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இருக்கிறதிலேயே ஒசத்தியானது குடுங்க. ஃபுல் சிந்தடிக். நல்லா கெட்டியா இருக்கட்டும்... திருச்சி வெயில் பாருங்க."

அவர் சில டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்றில் கிரேடு நம்பர் முப்பது என்று முடிந்தது, இன்னொன்றில் ஐம்பது; நம்பர் ஏற ஏற ஆயில் கெட்டி. மாப்பிள்ளைக்குப் போய்ச் சின்ன நம்பரா? ஐம்பதையே எடுத்தேன். டப்பாவில் ரேஸ் கார் படம் வேறு.

வழக்கமான மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோய் விட்டேன். "ஓனர்கிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்றார். "நம்ம மாப்பிள்ளைதாங்க" என்றேன். அதற்கு மேல் அவர் என்ன கேட்பார்?

சாப்பிட்டுக் கிளம்பும்போதுதான் ரகசியத்தை உடைத்தேன். "ஆயில் மாத்தியாச்சு மாப்பிள்ளை! டாப் குவாலிட்டி!"

மாப்பிள்ளையின் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. "எந்த ஆயில் மாமா?"

"ஃபுல் சிந்தடிக்! கவலையே படாதீங்க."

அவர் கவிதாவைப் பார்த்தார். கவிதா தரையைப் பார்த்தாள். "தேங்க்ஸ் மாமா" என்று சொல்லிவிட்டு சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நான் கையாட்டி வழியனுப்பினேன்.

சமயபுரம் தாண்டியதும் இஞ்சின் விளக்கு எரிந்திருக்கிறது. வண்டி இழுக்கவில்லை. நெடுஞ்சாலையோரம், கொளுத்தும் வெயிலில், முழங்கால் வலிக்கிற சம்பந்தி அம்மாவோடு நின்றிருக்கிறார்கள். கடைசியில் காரை வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, டாக்ஸியில் போயிருக்கிறார்கள்.

அன்று மாலை நான்தான் மாப்பிள்ளைக்கு போன் செய்தேன். "ஒண்ணுமில்லை மாமா, ஏதோ சென்சார் பிரச்சினை" என்றார். நான் விட்டேனா? "இந்த வெளிநாட்டு வண்டிங்களே இப்படித்தான் மாப்பிள்ளை!" என்று ஒரு லெக்சரே கொடுத்தேன். அவரும் பொறுமையாக 'ஆமா மாமா' போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் கவிதா அழைத்தாள். "சென்சார் இல்லப்பா. நீங்க ஊத்தின ஆயில். அந்த இஞ்சினுக்கு அது ரொம்பக் கெட்டியாம். எல்லாத்தையும் வடிச்சு எடுத்துட்டாங்க. நல்லவேளை, இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலை." குரலைத் தாழ்த்தினாள். "அத்தை ஒரு வார்த்தை சொல்லலப்பா. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. எனக்குத்தான் அவங்க மூஞ்சியப் பார்க்க முடியலை."

எனக்குக் கூசிப்போயிற்று. தப்பு செய்தது நான். புகுந்த வீட்டில் தலை குனிந்து நிற்பது என் பெண்.

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன் – புத்தி வர வேண்டிய நேரத்தில் வராதே! இந்த மாதிரி இஞ்சினில் ஆயில் போகும் வழிகள் ரொம்பக் குறுகல். ஸ்டார்ட் செய்தவுடன் சட்டென்று ஏறுகிற மெல்லிய ஆயில்தான் வேண்டும். எந்த கிரேடு, கார் கம்பெனி ஒப்புக்கொண்ட எந்த நம்பர் என்பதெல்லாம் காரோடு தருகிற புத்தகத்தில் இருக்கிறது. அதே நம்பர் ஆயில் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்க வேண்டும். முன்பக்கத்தில் 'ஃபுல் சிந்தடிக்' என்று கொட்டை எழுத்தில் இருப்பதும் ரேஸ் கார் படமும் என்னைப் போன்றவர்களுக்கு. திருச்சி வெயிலைக் கேட்டு யாரும் ஆயில் ஊற்ற வேண்டியதில்லை.

இதில் ஆயிலை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோசனம்? மாப்பிள்ளை இலைக்கு மேல் கையை நீட்டி "போதும் மாமா" என்றாலும், விரல் இடுக்கில் நெய் ஊற்றுகிற ஆட்கள் நாம். அதற்குப் பெயர் உபசாரம். காருக்கு மறிக்கக் கை இல்லை. கை இருந்த மாப்பிள்ளையும் மரியாதைக்காக மறிக்கவில்லை.

நேற்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க மாமா. ஆசையாத்தானே செஞ்சீங்க."

"தீபாவளிக்கு எல்லாரும் வரணும் மாப்பிள்ளை. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

"கண்டிப்பா வரோம் மாமா. ட்ரெயின்ல டிக்கெட் போட்டாச்சு. கார்ல வந்தா உங்க வீட்டுகிட்ட பார்க்கிங் கஷ்டம் பாருங்க..."

எங்கள் வேப்ப மரத்தடியில் லாரியே நிற்கும்.