என் முதுகுக்கு ஒரு சீட்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு இடுப்பில் தட்டு விலகியது. வீடு கோவில்பட்டியில், டீச்சர் வேலை நாகலாபுரம் பக்கத்து கிராமம் ஒன்றில். பல வருஷம் பஸ்ஸின் கடைசி சீட்டில் குதித்துக் குதித்து வாங்கிய வினை அது. இனி பஸ் ஏறினால் படுக்கைதான் என்றார் டாக்டர். மாறுதல் கேட்டேன், கிடைக்கவில்லை. எடுத்திருந்த மருத்துவ விடுப்பு தீரும் நாளில் பள்ளிக்கூடம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் கிடக்க வேண்டும். எழுதிக் கொடுக்க எனக்கு மனசே இல்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரரின் காருக்கு யோகம் அடித்தது. அவர் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் மிஷின் பிட்டர். மூன்று வருஷமாகப் பின்பக்கத் தகரக் கொட்டகையில், பழைய ஜீப் ஒன்றின் அடிச்சட்டமான சேஸிஸை வைத்துக்கொண்டு ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓர் ஊரில் வாங்கியது, கதவு இன்னோர் ஊரில். அது ஓடும் என்று நான் நம்பியதே இல்லை. ஓடியது. உட்காரத்தான் சீட் இல்லை.

"ஒனக்கு ஒரு சீட்டு செஞ்சி, அதுல உக்கார வச்சே கொண்டுபோயி விடுதேன்" என்றார்.

முதலில், உடைத்துப் போட்ட பஸ் ஒன்றின் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். எந்தச் சீட்டில் முதுகு போனதோ அதே சீட்! வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். திருப்பிக் கொண்டுபோனார்.

அடுத்து, கண்மாயில் படிந்த கரிசல் வண்டலான கரம்பை மண்ணை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, பிசைந்து, நாற்காலி போலக் குவித்தார். மேலே ஒரு பாலித்தீன் தாள். அதில் என்னை உட்கார்ந்து சாயச் சொன்னார். முதுகு எங்கே வளைகிறது, எங்கே தாங்கல் கேட்கிறது என்று மண் சொல்லிவிடுமாம்.

"ஏட்டி, அசையாம இரு."

"சீக்கிரம் முடிங்க. பக்கத்து வீட்ல பாக்கப்போறாவ."

பக்கத்து வீட்டுக்காரி பார்த்தேவிட்டாள். "என்ன மதினி, அண்ணாச்சி ஒங்கள அடை வச்சிருக்காவளா?"

அச்சு நன்றாகத்தான் விழுந்தது. இவர் இரண்டு நாள் கழித்துச் சாவகாசமாய் அளவெடுத்தார். அந்த அளவுக்கு இரும்புக் குழாயை வளைத்து, கட்டில் நாடா பின்னி, மேலே ஸ்பாஞ்ச் வைத்து ரெக்ஸின் தைத்தார். உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இடுப்பைக் கவ்வுகிறது.

"ரெண்டு நாள்ல ஊதிட்டியா நீ?" என்கிறார் மனுஷர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரிசல் மண் காய்ந்தால் சுண்டும், வெடிக்கும் என்பது இந்தக் காட்டில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். காட்டில் தெரிந்தது கொட்டகைக்குள் வந்ததும் மறந்துபோயிற்று, அவ்வளவுதான். இருவருமாய்ப் போய் அச்சைப் பார்த்தோம். சுண்டிப்போய், விரல் நுழைகிற வெடிப்பு! சிரித்துவிட்டோம். மறுபடி கரம்பை, மறுபடி பாலித்தீன், மறுபடி பக்கத்து வீட்டுக்காரி. இந்தத் தடவை நான் எழுந்த சூட்டோடு, ஈரத்திலேயே அளவெடுத்து, குழாயைப் புதிதாக வளைத்தார். சீட் கச்சிதமாகப் பொருந்தியது.

சீட்டை வெறும் தரைத் தகட்டில் முடுக்கினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று, சேஸிஸிலேயே துளை போட்டு, கனத்த இரும்புப் பட்டை கொடுத்து, நான்கு போல்ட்டில் இறுக்கினார். இரண்டு ஆள் சேர்ந்து உலுக்கிப் பார்த்தார்கள். கார்தான் ஆடியது. மதுரையில் பழைய இரும்புக்கடைக் கார் ஒன்றிலிருந்து சீட் பெல்ட் கழற்றி வந்து, அதையும் சேஸிஸோடு பிணைத்தார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யாரும் பெல்ட்டைக் கண்ணால் கண்டதில்லை.

விடுப்பு தீர்ந்த அன்று காலையில் கிளம்பினோம். ரோடு ரோடாக இல்லை. ஆனால் என் முதுகு வாயே திறக்கவில்லை. பாதி வழியில், ஓடைக்குள்ளிருந்து ஆட்டு மந்தை ஒன்று திடுதிப்பென்று ரோட்டில் ஏறியது. ஓங்கி பிரேக் அடித்தார். பெல்ட் என் இரண்டு தோளையும் இழுத்துப் பிடித்தது. நான் இம்மி நகரவில்லை.

பக்கத்தில் 'ணங்'கென்று ஒரு சத்தம். மோவாய் ஸ்டியரிங்கில் அடித்து, அவருக்கு முன்பல் ஒன்று போய்விட்டது. சட்டையெல்லாம் ரத்தம். அவர் உட்கார்ந்திருந்தது தீப்பெட்டி ஆபீஸ் மரப்பெட்டி ஒன்றில். அத்தனை நாளும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆட்டுக்காரர் ஓடிவந்தார். "ஆட்டுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒங்களுக்கு?"

"ஒங்களுக்கு எங்க பெல்ட்டு?" என்று நான் இவரைப் பார்த்துக் கத்தினேன்.

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "அந்தக் கார்ல இருந்ததே ரெண்டு பெல்ட்டுதான். தோளுக்கு ஒண்ணுன்னு ரெண்டையும் ஒனக்கே போட்டுட்டேன். மணியாவுது, பேசாம வா."

அந்த ஆளை அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று இருந்தது. இரண்டும் செய்யவில்லை. பள்ளிக்கூடம் போய், நேரத்துக்குள் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடாமல் அங்கேயே நின்று மறுநாளைக்கு லீவு லெட்டர் எழுதினேன்.

"இவ்வளவு நாள் கழிச்சி வந்திருக்கீங்க, நாளைக்கே லீவா?" என்றார் தலைமையாசிரியை.

"ஆமா டீச்சர். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சீட்டு போடணும்" என்றேன்.