வெள்ளெலிப் பை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசியில் சுகாதார ஆபீசில் எலி பிடிக்கும் வேலை பார்த்தேன். வீட்டு எலி அல்ல. மாத்தூர்ப் பொட்டலில் வளை தோண்டி வாழும் வெள்ளெலி. மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு, வால் நுனியில் கொஞ்சம் மயிர். பிளேக் கிருமி உடம்பில் இருந்தாலும் பல சமயம் அது சாவதில்லை. அதன் மேலுள்ள தெள்ளுப்பூச்சி வீட்டு எலிக்குத் தாவினால், வீட்டு எலி செத்து விழும். அந்த உடம்பு ஆறியதும் தெள்ளு மனிதனைத் தேடி வரும். இதெல்லாம் ஆபீஸ் டாக்டர் சொல்லிக் கேட்டது.

பிடித்ததைக் கூண்டோடு துணிப்பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, சைக்கிளில் உயிரோடு ராயபுரம் ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் பையை அவிழ்க்கக் கூடாது.

என் வேலை தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். நானாகப் போய்ப் பேசுகிற சுபாவமும் எனக்கு இல்லை. திருவொற்றியூரில் குடிசை வாசலில் இட்லி விற்ற ஒரு அம்மாள் மட்டும் பேசுவாள். என் வயதுதான். புருஷன் இல்லை.

"இன்னா நைனா, மூட்டையில பொண்டாட்டியா? மூச்சு முட்டிடப் போவுது, அவுத்து வுடேன்."

நான் இலையைப் பார்த்துச் சிரிப்பேன். அன்றைக்கு முழுக்க என்னிடம் யாரும் பேசியது அது மட்டும்தான் இருக்கும்.

வெயில் காலத்தில் சில வெள்ளெலிகள் பைக்குள்ளேயே செத்தன. ஆபீசில் திட்டு விழுந்தது. அதனால் அவள் குடிசைச் சுவர் நிழலில் பையை வைத்து, வாயைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுச் சாப்பிடுவேன். அவள் பேச்சைக் கேட்க மெதுவாகச் சாப்பிடுவேன். ஒரு கோடை முழுக்க இப்படித்தான்.

ஒரு நாள் அடுப்பு எரியவில்லை. அவள் என்னை உள்ளே கூப்பிட்டாள். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஒரு வீட்டு எலி செத்துக் கிடந்தது.

"யாராண்டயும் சொல்லாத நைனா. கூரையப் பிரிச்சி மருந்து அட்ச்சிட்டுப் பூடுவானுங்க. நீயே கடலாண்ட கடாசிட்டு வா."

அந்தப் பக்கத்தில் பலரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் பானைக்குப் பின்னால் இருந்த சுவருக்கு மறுபுறம்தான் நான் தினமும் பை வைத்த இடம்.

அவளை வெளியே நிற்கச் சொன்னேன். தெள்ளு சாகட்டும் என்று எலிமேல் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். பை வைத்ததைச் சொல்லவில்லை.

ஆட்கள் வந்து கூரையைப் பிரித்தார்கள். அவளுக்கு ஊசி போட்டார்கள். "உனுக்கு நான் இன்னா பண்ணேன்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். எலியை ஆபீசில் அறுத்துப் பார்த்துச் சொல்லும் வரை, தினமும் தூரத்தில் சைக்கிளை நிறுத்தி, அவள் நடமாடுகிறாளா என்று பார்த்தேன். அவள் எது செய்தாலும் என் கண்ணுக்குக் காய்ச்சலாகவே தெரிந்தது.

எலியில் பிளேக் இல்லை. யாரோ வைத்த விஷத்தைத் தின்றிருக்கிறது.

அதன்பிறகு நான் பை வாயைத் தளர்த்தியதில்லை, அந்தத் தெரு வழியாகவும் போகவில்லை. சில மாதம் கழித்து மார்க்கெட்டில் எதிரே வந்தாள்.

"கூர பிரிச்ச கோவம் எப்பவோ பூட்ச்சி நைனா. நீ ஏன் வர்றதில்ல?"

கூண்டில்லாமல் ஒரு நாள் போயிருக்கலாம். ஆனால் அவள் எதிரில் உட்கார்ந்தால் பையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

"வேல ஜாஸ்திம்மா" என்றேன்.

"செரி. எலிங்கள நான் கேட்டதா சொல்லு."