தம்பி உட்கார ஒரு விளையாட்டு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைப்பது, வேலைநிறுத்தத்துக்கு ஆள் சேர்ப்பதைவிடச் சிரமமான தொழில். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நடந்த அநியாயங்களை வரிசைப்படி சொல்லிவிடுகிறேன். முதலாவது, கோல சிலாங்கூர் பக்கத்தில் நாங்கள் வேலை செய்து குடியிருந்த தோட்டத்தை எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றார்கள். இரண்டாவது, எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்த தண்ணீரை நிறுத்தினார்கள். மூன்றாவது, மின்சாரம். நான்காவது, கோயிலுக்குப் போகிற பாதையில் முள்கம்பி அடித்தார்கள். ஐந்தாவது, என் தம்பி சேகரன் வெளியேறச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, கிடைத்த மலிவு வீட்டுக்குக் குடிபோனான். நாங்கள் மிச்சப் பேர் புல்டோசர் வரும்வரை நின்றோம். தோற்றோம். முதல் நான்கையும் மேடை மேடையாகப் பேசிவிட்டேன். ஐந்தாவதைப் பேச மேடை கிடைக்கவில்லை.

சேகரன் ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வருவான். அண்ணி கையால் காப்பி வாங்கி, வாசலில் நின்றபடியே குடித்துவிட்டுப் போவான். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து என் வீட்டில் அவன் உட்கார்ந்ததில்லை. கூடப் பிறந்தவர்களில் மிச்சம் நாங்கள் இருவர்தான். தீபாவளி முடிந்ததும் அவன் மகனோடு ஜொகூருக்குக் குடிபோகப் போகிறான். 'வா, உட்கார்' என்று கெஞ்சுவது என் பழக்கமில்லை. அதனால் விளையாட்டு வாங்கினேன். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கேரம்

முதலில் கேரம் பலகை. தோட்டத்துக் கிளப்பில் நாங்கள் இருவரும் ஒரே கட்சியாக ஆடியவர்கள். கெர்லிங் ஊர் வரை போய்ப் போட்டியில் ஜெயித்திருக்கிறோம். பலகையைத் துடைத்து, மாவு தூவி, நாலு நாற்காலி போட்டேன். என் மனைவி பாக்கியமும் மகள் மாலதியும் ஒரு கட்சி. நானும் தம்பியும் ஒரு கட்சி.

கேரத்தில் கூட்டாளி எதிரில்தான் உட்கார வேண்டும். அதை நான் யோசிக்கவில்லை. சேகரன் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, குனிந்து அடித்தான். சிவப்பையும் அவனே போட்டான். நல்ல கை; கெட்டுப் போகவில்லை. ஒரு ஆட்டம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டான். "ஏன் தம்பி, ஒக்காந்து ஆடுனா என்னா?" என்று பாக்கியம் கேட்டாள்.

"அது இல்ல அண்ணி, ஒக்காந்தா நேரா அண்ணன் மூஞ்சியில்ல பாக்கணும்."

மனை வாங்கும் விளையாட்டு

அடுத்தது, பகடை உருட்டி மனை வாங்கி, வீடு கட்டி, அதில் வந்து நிற்பவரிடம் வாடகை வாங்கும் விளையாட்டு. முகம் பார்க்க வேண்டியதில்லை, பலகையைப் பார்த்தால் போதும் என்று தேர்ந்தெடுத்தேன். என்னோடு கடைசி வரை நின்ற பழைய தோழர் குப்புசாமியும் வந்திருந்தார். துண்டறிக்கை படித்து வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். நிலம் வாங்கமாட்டோம் என்று ஆரம்பத்திலேயே அறிவித்தோம். பாக்கியம் வாங்கினாள். தெரு தெருவாக வாங்கினாள். என் காய் அவள் மனையில் நின்றபோது நான் நிலவுடைமை பற்றிச் சிறிது விளக்க ஆரம்பித்தேன்.

"வாடகை குடுக்க முடியலன்னா எறங்கிப் போங்க. இங்க கூட்டமெல்லாம் போட வேணாம்" என்றாள்.

வாசலில் காப்பியோடு நின்ற சேகரன் சிரித்துவிட்டான். சிரித்தால் உட்காருவான் என்று நினைத்து, "நீயும் ஒரு காய் எடுத்துக்க" என்றேன். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு நான் அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அவன் டம்ளரை அண்ணியிடம் நீட்டினான்.

"நான் ஒரு தடவ வீடு வாங்குனதே இன்னும் பேசி முடியல, எனக்கு வேணாம்."

சேர்ந்து ஜெயிக்கிற விளையாட்டு

ரவாங்கில் ஒரு கடையில் கேட்டேன், சண்டை வராத விளையாட்டு இருக்கிறதா என்று. அங்கிருந்த பையன் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தான். ஊருக்குள் வெள்ளம் வருகிறது; எல்லாரும் ஒரே கட்சி; வெள்ளத்தைத் தடுத்தால் எல்லாரும் ஜெயிப்பார்கள், இல்லாவிட்டால் எல்லாரும் தோற்பார்கள். இத்தனை காலம் இது எங்கே இருந்தது என்று நினைத்தேன்.

சேகரன் அன்று உள்ளே வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றான். நாற்காலி முதுகில் கைகூட வைத்தான். நான் உற்சாகமாகிவிட்டேன். குப்புசாமி எங்கே மணல் மூட்டை போட வேண்டும், மாலதி எந்தச் சீட்டை வைத்திருக்க வேண்டும், பாக்கியம் எப்போது படகை நகர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது அந்த நாற்காலி முதுகில் கை இல்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. குப்புசாமி தன் சீட்டுகளை என் பக்கம் தள்ளினார்.

"தலைவரே, எல்லாருக்கும் சேத்து நீங்களே ஆடிடுங்க, நாங்க தே தண்ணி குடிச்சிட்டு வர்றோம்."

ஊர்க்காரரும் துரோகியும்

சேகரன் ஜொகூருக்குப் போகுமுன் கடைசி ஞாயிறு. புஞ்சாக் ஆலாமில் படிக்கும் மாலதி, அங்கே மாணவர்கள் ஆடுகிற இரண்டு மூன்று விளையாட்டுகளைச் சொன்னாள். நான் தேர்ந்தெடுத்தது இது. ஆளுக்கு ஒரு சீட்டு. ஒருவன் துரோகி, மற்றவர்கள் ஊர்க்காரர். பேசி, கை தூக்கி, ஒருவரை வெளியேற்ற வேண்டும். வெளியேறுகிறவர் சீட்டைத் திருப்பிக் காட்டுவார். நடத்துகிறவர் அவர் யார் என்று பேரோடு சத்தமாகப் படிப்பார். கூட்டம் போட்டுக் கை தூக்கி முடிவெடுப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த முறை. அதை மட்டும்தான் யோசித்தேன். மேசையில் உட்காரப் போவது யார் யார் என்று யோசிக்கவில்லை. குப்புசாமியும் பழைய லயத்தில் கையெழுத்துப் போடாத இன்னும் நாலு பேரும் வந்திருந்தார்கள்.

"சித்தப்பா, ஆள் கொறையுது, ஒக்காருங்க லா" என்று மாலதி நாற்காலியை இழுத்துப் போட்டாள். சேகரன் என்னைப் பார்த்தான். உட்கார்ந்தான்.

மாலதிதான் நடத்தினாள்; சீட்டுப் போட்டாள். துரோகிச் சீட்டு எனக்கு வந்தது. "யாருன்னு நெனைக்கிறீங்க? பேசுங்க" என்றாள். குப்புசாமி சிரித்தார். "இதுக்குப் பேச வேற செய்யணுமா?" என்று சேகரன் பக்கம் கையைக் காட்டினார். மற்ற கைகளும் உயர்ந்தன. அவன்மேல் விழுந்தால் நான் தப்பிப்பேன். விளையாட்டின் விதி அது. நானும் தூக்கினேன். ஊரே ஒரு பக்கமாகக் கை தூக்க வேண்டும் என்று காலமெல்லாம் உழைத்தவனுக்கு அது அந்த மேசையில்தான் வாய்த்தது.

சேகரன் தன் சீட்டைத் திருப்பி வைத்தான். குப்புசாமி சிரிப்பை நிறுத்தினார். மாலதி சீட்டுகளை அவசரமாக அள்ளப் போனாள்.

"இரும்மா" என்றான் அவன், எழுந்து நின்று. "வெளியேத்துனா படிக்கணும்னு சொன்னியே. முழுப் பேரா படி. எல்லாரும் கேக்கட்டும்."

அவள் என்னைப் பார்க்காமல் படித்தாள்.

"மருதமுத்து மகன் சேகரன். ஊர்க்காரர்."